அரசு எவ்வளவு சுருங்கலாம்? சுதந்திரவாதத்தின் நான்கு மாதிரிகள், ஓர் ஒப்பீடு

சுதந்திரவாதச் சமூகம், அதாவது அரசின் கையைச் சுருக்கித் தனிமனிதர் விருப்பத்துக்கு விட வேண்டும் என்னும் லிபர்டேரியன்கள் கேட்கிற சமூகம், நடைமுறையில் ஓடுமா என்று பேச்சு எழுந்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் சோமாலியா என்பார், மற்றவர் ஹாங்காங் என்பார். அதற்குப் பிறகு யார் பேசுவதையும் யாரும் கேட்பதில்லை. இரண்டுமே பொருந்தாத சாட்சிகள். சோமாலியாவில் அரசை யாரும் திட்டம்போட்டுக் கலைக்கவில்லை. 1991 ஜனவரியில் உள்நாட்டுப் போரில் அது நொறுங்கியது. ஹாங்காங்கில் வரி குறைவுதான். ஆனால் ஒரு தேவாலயம் நிற்கும் மனை தவிர, நிலம் முழுக்க அரசுக்குச் சொந்தம்.

ஓடுமா என்று கேட்பதற்கு முன்னால், எது என்று கேட்க வேண்டும். இந்த ஒரே பெயரில் நான்கு வேறு ஏற்பாடுகள் உலவுகின்றன. முதலாவதில் அரசே கிடையாது. காவல், நீதி, சட்டம் எல்லாம் சந்தா கட்டி வாங்கும் சேவைகள். இரண்டாவது காவற்கார அரசு. போலீஸ், நீதிமன்றம், ராணுவம் மூன்றோடு அது நிறுத்திக்கொள்ளும். மூன்றாவதில் அரசு சிறியது, சந்தை திறந்தது; பள்ளியும் சாலையும் அரசிடம் இருக்கலாம், விலையிலும் வியாபாரத்திலும் அது தலையிடாது. நான்காவது கூட்டுக் கட்டுப்பாடு. வாய்க்கால் தண்ணீரையோ மேய்ச்சல் நிலத்தையோ பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, தாங்களே காவல் இருந்து, தாங்களே அபராதமும் போடுவார்கள். இந்த நான்காவதை லிபர்டேரியன்களில் பலர் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்காவிட்டால் அவர்களுடைய வலுவான சான்றுகளில் பாதி போய்விடும்.

நான்கையும் ஒரே படிக்கல்லால் நிறுக்க நான்கு கேள்விகள் போதும். காசு கொடுக்காதவரைச் சேவையிலிருந்து விலக்கி வைக்க முடியுமா, அல்லது ஓசிச் சவாரி தவிர்க்க முடியாததா? பிடிக்காதவர் வேறிடம் போக வழி உண்டா? கெடுதல் செய்தவரைக் கண்டுபிடிக்க முடியுமா, கண்டுபிடித்தால் அவர் கையில் காசு இருக்குமா? தீர்ப்பை ஏற்க மறுப்பவரை யார் பணிய வைப்பது? வாதங்களில் முதல் கேள்வியும் நான்காவதும்தான் அதிகம் அடிபடுகின்றன. மூன்றாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. காரியம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

அரசே இல்லாத ஏற்பாடு

இது கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஐஸ்லாந்தில் 930 முதல் 1262 வரை ராஜாவும் கிடையாது, படையும் கிடையாது, போலீஸும் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை அல்திங் என்ற பேரவை கூடும். சட்டம் எழுத்தில் இல்லாத காலத்தில், சட்டம் சொல்பவர் என்ற ஒருவர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டுகளில் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பார். ஒவ்வொரு விவசாயியும் ஏதாவதொரு தலைவரின் ஆளாகப் பதிந்துகொள்வார். பிடிக்கவில்லை என்றால் தலைவரை மாற்றிக்கொள்ளலாம். தீர்ப்பை அமல்படுத்துவது வென்றவர் பொறுப்பு. ஏழையிடம் அதற்கு ஆள்பலம் ஏது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தன் வழக்கையே பலமுள்ளவர் ஒருவருக்குக் கைமாற்றி விடலாம். அவர் வசூலித்துக் கொடுப்பார். நஷ்டஈடு கட்ட மறுத்தவர் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுவார். அவரைக் கொன்றாலும் கேள்வி கிடையாது.

முந்நூறு ஆண்டுகள் தாங்கிய இந்த ஏற்பாடு சரிந்ததற்கான காரணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 1097-இல் தேவாலயத்துக்குத் தசமபாகம் கட்டாயமானது. தேவாலயங்கள் நின்றது பெரும்பாலும் தலைவர்களின் நிலத்தில். ஆகவே அந்த வரியில் ஒரு பங்கு, ஆதரவாளர்களின் தயவு தேவைப்படாத நிலையான வருமானமாக அவர்கள் கைக்கு வந்தது. தலைமைப் பதவிகள் விலைக்கு வாங்கக்கூடியவை. பணம் சேர்ந்தவர்கள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் குவித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் சில குடும்பங்கள் மட்டும் மிஞ்சி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. தலைவரை மாற்றும் உரிமை ஏட்டில் இருந்தது. மாறிப்போக வேறு தலைவர்தான் இல்லை. கடைசியில் 1262-இல் நார்வே ராஜாவுக்கு வரி கட்டச் சம்மதித்தார்கள். கட்டாய வரிதானே கெடுத்தது என்று லிபர்டேரியன்கள் சுட்டிக்காட்டுவார்கள்; நியாயம்தான். ஆனால் அந்த வரியைப் போட விடாமல் தடுக்கவும் அந்த ஏற்பாட்டில் யாரும் இல்லையே.

சோமாலியாவையும் திட்டுவதற்கு மட்டும் எடுக்காமல் பிரித்துப் பார்க்கலாம். 1991-க்குப் பிறகு செல்போன் நிறுவனங்கள் போட்டி போட்டு வளர்ந்தன. ஹவாலா வழியாக வெளிநாட்டுப் பணம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. கால்நடை ஏற்றுமதி நடந்தது. இவை மூன்றுக்கும் முதல் கேள்வியில் சுலபமான பதில் உண்டு: காசு கட்டாதவருக்கு இணைப்பு கிடையாது. வழக்குகளை ஹீர் என்ற மரபுச் சட்டம் தீர்த்தது. ஒரு ஆணின் உயிருக்கு மரபுப்படி 100 ஒட்டகம் ஈடு. கொன்றவர் ஒண்டிக்கட்டை ஏழையாக இருந்தாலும் அவருடைய குலக்கூட்டம் சேர்ந்து கட்டியாக வேண்டும். மூன்றாவது கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான பதில் கிடைப்பது அரிது. அதற்கான விலையையும் பாருங்கள். உங்கள் காப்பீட்டு நிறுவனம் நீங்கள் பிறந்த குலம். அதை மாற்றிக்கொள்ள முடியாது. உங்களுக்காகக் கட்டுகிறவர்கள் உங்களைக் கண்டிக்கவும் உரிமை பெறுகிறார்கள். சிறிய குலத்தில் பிறந்தவருக்குத் தீர்ப்பு கிடைத்தாலும் ஈடு கைக்கு வருவது உறுதியில்லை. தனிமனித சுதந்திரத்துக்காக அரசை நீக்கினால், அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது குலம்.

பணத்தின் கதை இன்னும் வேடிக்கை. மத்திய வங்கி மூடிய பிறகும் பழைய ஷில்லிங் நோட்டுகள் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தன. ஆயுதக்குழுத் தலைவர்களும் வியாபாரிகளும் வெளிநாட்டில் அச்சடித்த நோட்டுகளை இறக்கினார்கள். 1000 ஷில்லிங் நோட்டின் மதிப்பு, அதை அச்சடிக்கும் செலவு வரை இறங்கிய பிறகு அடிப்பதில் லாபம் போய்விட்டது. சரிவு அங்கே நின்றது. மத்திய வங்கி இல்லாமலும் பணம் நிற்கும், ஆனால் காகித விலையில் நிற்கும்.

தனியார் நீதி நன்றாக ஓடுகிற இடம் ஒன்று உண்டு: வைர வியாபாரம். நியூயார்க் வைரச் சந்தையில் வழக்குகள் சங்கத்தின் நடுவர்களிடம் போகும். தீர்ப்புக்குப் பணியாதவரின் பெயர் சங்கத்தில் ஒட்டப்படும்; அதன்பின் அவரோடு யாரும் வியாபாரம் செய்ய மாட்டார்கள். ஆள் கூட்டம் சிறியது, எல்லோரும் நாளையும் சந்தித்தாக வேண்டும், பெயர் கெட்டால் பிழைப்பு போகும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏற்பாடு தளரும். முன்பின் அறியாதவர்கள் வாழும் பெருநகரத்தில் காரை இடித்துவிட்டு ஓடுகிறவனுக்கு இந்த மூன்றுமே இல்லை.

போட்டிக் காவல் நிறுவனங்கள் என்ற யோசனைக்கு மிகக் கூர்மையான எதிர்வாதம் வெளியிலிருந்து வரவில்லை. சுதந்திரவாதியான ராபர்ட் நோசிக்கே 1974-இல் வைத்தார். இரண்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் மோதிக்கொண்டால் பெரிய நிறுவனம் ஜெயிக்கும். மக்கள் பெரியதில் சேர்வார்கள். கடைசியில் ஒன்றே மிஞ்சும். அதற்குப் பெயர்தான் அரசு. நிறுவனக் காவலுக்கும் எதிராளிக்கும் நேருக்கு நேர் மோதல் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1892 ஜூலை 6 ஒரு சான்று. அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைக்கு வேலைநிறுத்தத்தை உடைக்க, பிங்கர்டன் என்ற தனியார் நிறுவனத்தின் காவலர்கள் 300 பேர் இரவோடு இரவாக ஆற்றில் படகுகளில் வந்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் இரு பக்கமும் உயிர் போனது. மாநிலப் படை வந்து இறங்கிய பிறகே ஊர் அடங்கியது.

காவற்கார அரசு: வரிச்சீட்டில் இல்லாத செலவு

போலீஸ், நீதிமன்றம், ராணுவம் மட்டும் என்று கோடு போடுவது சுலபம். தீயணைப்பு எந்தப் பக்கம்?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்ற சிறிய ஊர். 2010-இல் ஊர் எல்லைக்கு வெளியே இருந்த வீடுகளுக்கு ஆண்டுக்கு 75 டாலர் சந்தா இருந்தது. கட்டினால் வண்டி வரும். அந்த ஆண்டு செப்டம்பரில், சந்தா கட்டாத ஒரு வீடு தீப்பிடித்தது. வீட்டுக்காரர் எவ்வளவானாலும் தருகிறேன் என்றார், வண்டி வரவில்லை. சந்தா கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவியதும் வந்தது, அந்த நிலத்தைக் காத்தது, வீடு எரிந்து முடியும்வரை நின்று பார்த்தது. எல்லோரும் கொதித்தார்கள். ஆனால் கணக்கு தெளிவு: தீப்பிடித்த பிறகு 75 டாலர் வாங்கிக்கொண்டால் அடுத்த ஆண்டு யாரும் முன்கூட்டிக் கட்ட மாட்டார்கள், வண்டி வாங்கவே பணம் இருக்காது. அணைத்துவிட்டு முழுச் செலவையும் பில் போடலாமே? போடலாம். எரிந்த வீட்டுக்காரர் பிறகு மறுத்தால் அவர் சொத்தின்மேல் அந்தக் கடனை ஏற்றும் சட்ட அதிகாரம் வேண்டும். அதைக் கொடுத்தால் அது சந்தா இல்லை, தாமதமாக வசூலாகும் வரி. ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் நகரத்தில் இந்தக் கேள்வியே எழாது. கட்டாதவர் வீட்டை எரியவிட்டால் கட்டியவர் வீடும் எரியும்.

தண்ணீருக்குச் சான்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற குடியிருப்பு. அந்த மாநிலத்தின் நகர்ப்புற நிலத்தடி நீர் மண்டலங்களில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்து விற்றால், நூறு ஆண்டுக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். ஐந்தாகப் பிரித்தால் வேண்டாம். கட்டுமானக்காரர்கள் ஐந்தைந்தாகப் பிரித்து விற்றார்கள். கிணறு இல்லாத நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பக்கத்து நகரமான ஸ்காட்ஸ்டேலின் குழாயில் லாரிகள் நிரப்பிவந்து ஊற்றின. வறட்சி முற்றியதும், எங்கள் ஊர்க்காரர்களுக்கே போதவில்லை என்று முன்னறிவிப்பு கொடுத்து, 2023 ஜனவரி 1 அன்று நகரம் குழாயை மூடியது. லாரிகள் தூரத்து ஊர்களுக்கு அலைந்தன, விலை எகிறியது. அதற்கு முன்பே குடியிருப்பவர்களில் ஒரு பகுதி தங்களுக்கென்று தண்ணீர் மாவட்டம் ஒன்று, அதாவது தண்ணீருக்கு மட்டுமான உள்ளாட்சி அமைப்பு, வேண்டும் என்று கேட்டிருந்தது. இன்னொரு அரசு நம் தலையில் ஏறும், நிலத்தை எடுக்கும் அதிகாரம் அதற்கு வரும் என்று அக்கம்பக்கத்தவர் எதிர்த்தார்கள். 2022 ஆகஸ்டில் கவுண்டி நிர்வாகம் கோரிக்கையை நிராகரித்தது. கடைசியில் 2023-இல் மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டம் போட்டுத் தற்காலிகமாகத் தண்ணீர் திறக்க வைத்தது. நிரந்தர ஏற்பாடு, அரசு கட்டணம் நிர்ணயிக்கும் ஒரு தனியார் தண்ணீர் நிறுவனத்திடம் போனது. விதி இல்லாத நிலத்தில் வாழ்ந்தவர்கள் குடித்தது, விதியும் வரியும் உள்ள ஊரின் தண்ணீர்.

இரண்டு இடத்திலும் காவற்கார அரசு விட்டுவைத்த செலவு காணாமல் போகவில்லை. வேறொருவர் பில்லில் ஏறியது.

மேற்பார்வைக்குப் பதில் நஷ்டஈடு

இதுதான் சுதந்திரவாதத்தின் மையமான வாக்குறுதி. முன்கூட்டிய அனுமதி வேண்டாம், இன்ஸ்பெக்டர் வேண்டாம்; தப்பு செய்தவர் மீது வழக்குப் போட்டு ஈடு வாங்கிக்கொள்ளலாம்; அந்தப் பயமே எல்லோரையும் ஒழுங்காக வைத்திருக்கும்; மிச்சத்தைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். இதை ஒரு நாடு கிட்டத்தட்ட அப்படியே வீட்டுக் கட்டுமானத்தில் செய்து பார்த்தது.

நியூசிலாந்தின் 1991 கட்டடச் சட்டம் எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்வதை விட்டுவிட்டு, கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னது. சுவருக்குள் தண்ணீர் புகக் கூடாது. எப்படித் தடுப்பது என்பது கட்டுகிறவர் பாடு. நகராட்சி இன்ஸ்பெக்டருக்குப் பதில் தனியார் சான்றாளரை அமர்த்திக்கொள்ளலாம். சான்றாளருக்குக் காப்பீடு உண்டு.

அதே ஆண்டுகளில் வந்த மாற்றங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயங்கரமாகத் தெரியாது. ஃபைபர் சிமென்ட் பலகை அல்லது பாலிஸ்டைரீன் மேல் பூச்சு பூசிய சுவர், மரச் சட்டத்தின்மேல் நேராக ஒட்டி அடிக்கப்பட்டது. நடுவில் வடிகால் இடைவெளி கிடையாது. இறவாரம் இல்லாத கூரை, தட்டையான பால்கனி, கைப்பிடிச் சுவர்கள் எல்லாம் அப்போதைய மோஸ்தர். 1998 வாக்கில், மருந்து ஏற்றாத, சூளையில் உலர்த்திய பைன் மரத்தைச் சட்டத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் ஆனது. இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் மயிரிழை விரிசல். மழைநீர் உள்ளே போகிறது. இடைவெளி இல்லாததால் வடிய வழியில்லை, காயவும் வழியில்லை. பழைய மரம் என்றால் போரான் மருந்து பூஞ்சையைத் தடுத்திருக்கும். இந்த மரம் சில ஆண்டுகளில் கையால் பிய்க்கும் அளவுக்கு மக்கிப்போனது. வெளியே பூச்சு பளபளவென்று இருந்தது.

குறை வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆனது. அதற்குள் என்ன நடந்தது? கட்டிய கம்பெனி அந்த ஒரு திட்டத்துக்காகவே தொடங்கப்பட்டது. விற்று முடித்ததும் கலைக்கப்பட்டுவிட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் நீர்க்கசிவைப் பாலிசியிலிருந்து நீக்கின, சான்றாளர்களுக்குக் காப்பீடு கிடைக்காமல் போனது, சான்றாளர்களும் கடையைக் கட்டினார்கள். வழக்குப் போடுவதற்குச் சட்டத்தில் கடைசி வரம்பு பத்து ஆண்டு. பதினோராவது ஆண்டில் சுவரைப் பிரித்துப் பார்த்தவருக்கு வழியே இல்லை. மிச்சம் இருந்தது ஓட முடியாத ஒரே ஆள்: நகராட்சி. பிரதிவாதிகள் பலர் இருந்து மற்றவர்களிடம் காசு இல்லை என்றால் இருப்பவரே முழுவதும் கட்ட வேண்டும் என்ற விதிப்படி, கசியாத வீட்டில் இருந்தவர்களின் வரிப்பணம் கசிந்த வீடுகளுக்குப் போனது. 2009-இல் வெளியான மதிப்பீட்டில் பாதிக்கப்பட்ட வீடுகள் சுமார் 42,000, செலவு 11.3 பில்லியன் நியூசிலாந்து டாலர். 2004-இல் சட்டம் மாற்றி எழுதப்பட்டது; மருந்து ஏற்றிய மரமும் வடிகால் இடைவெளியும் திரும்பி வந்தன.

நகராட்சி பின்னால் நின்றதால்தான் வாங்கியவர்கள் கவனம் தப்பினார்கள், அது இல்லாவிட்டால் சந்தை ஒழுங்காக விசாரித்திருக்கும் என்பது லிபர்டேரியன் மறுமொழி. பாதி உண்மை. ஆனால் காப்பீட்டுச் சந்தை அங்கே இருந்தது. அது விசாரித்து முடித்த வேகத்தில் வெளியேறியது. எல்லா வீட்டிலும் ஒரே சுவர், ஒரே மரம் என்றால் எல்லாம் ஒன்றாகக் கெடும். அப்படிப்பட்ட ஆபத்தில் நிற்கக் காப்பீட்டாளருக்கு என்ன தலையெழுத்து?

நஷ்டஈட்டு முறை ஓடவே ஓடாது என்றும் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தில் 1716 முதல் 1845 வரை தனியார் வங்கிகள் தாங்களே நோட்டு அடித்துப் போட்டியிட்டன. 1772-இல் ஏர் வங்கி பெரிய அளவில் கவிழ்ந்தது. அதன் பங்காளிகளுக்குப் பொறுப்பில் வரம்பு இல்லை; தங்கள் நிலபுலன்களை விற்றுக் கடன்காரர்களுக்கு முழுக்கக் கட்டினார்கள். நியூசிலாந்துக் கட்டுமானக்காரர் தப்பியதும் ஸ்காட்லாந்து நிலக்கிழார் தப்பாததும் குணத்தால் வந்த வித்தியாசமில்லை. முன்னவர் வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி; அதன் கடனுக்குப் பங்காளிகளின் சொந்தச் சொத்தைத் தொட முடியாது. அந்தக் கேடயத்தைக் கொடுத்தது அரசுதான். இன்ஸ்பெக்டரை நீக்கச் சொல்கிறவர்கள் இந்தக் கேடயத்தையும் சேர்த்து நீக்கச் சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தயங்குவார்கள்.

கேடயத்தை வைத்துக்கொண்டே இதைச் செய்ய ஒரு வழி உண்டு. பிரான்சில் 1978 சட்டப்படி, கட்டும் முன்பே பத்து ஆண்டுக் காப்பீடு எடுத்தாக வேண்டும். கட்டியவர் காணாமல் போனாலும் பாலிசி நிற்கும். வீடு கைமாறினால் அதுவும் கூடவே போகும். பிரீமியம் முதலிலேயே கட்டியாகிவிடுவதால் பத்தாவது ஆண்டில் காசு தேட வேண்டியதில்லை. காப்பீட்டாளர் தன் பணத்தைக் காக்கத் தானே ஆள் வைத்துக் கட்டுமானத்தைப் பார்வையிடுவார். இன்ஸ்பெக்டர் போனார், வேறு உடையில் வந்தார். ஆனால் கட்டாயம் மட்டும் போகவில்லை.

காற்று மாசில் இந்த முறைக்கு இடமே இல்லை. ஒரு ஆலை, ஒரு ஆறு, கீழே பத்து விவசாயிகள் என்றால் பேரம் பேசித் தீர்க்கலாம். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகையில் எந்த வீட்டு அடுப்பின் கரி எந்த நுரையீரலுக்குள் போனது என்று யார் மேல் வழக்குப் போடுவது? 1956-இல் சட்டம் போட்டுத்தான் அடக்கினார்கள்.

சிறிய அரசு, திறந்த சந்தை

பலன் கையில் தெரிவது இங்கேதான். நியூசிலாந்து 1984-இல் விவசாய மானியங்களை வெட்டத் தொடங்கியது. பேரழிவு வரும் என்றார்கள், விவசாயம் தாங்கி நின்றது. அமெரிக்கா 1978-இல் விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசு தீர்மானிப்பதை நிறுத்தியது. அதற்காக இருந்த வாரியத்தையே 1985-இல் மூடியது. கட்டணம் இறங்கியது. பாதுகாப்புச் சோதனை மட்டும் அரசிடமே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். டிக்கெட் விலை பிடிக்கவில்லை என்றால் பயணி வேறு விமானத்துக்குப் போகலாம். எஞ்சின் போல்ட் தளர்ந்திருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்த வகைதான், ஆனால் அடியில் ஒரு ரகசியம் உண்டு. ஹாங்காங் அரசு நிலக் குத்தகையில் பெரிய வருமானம் பார்ப்பதால் வரியைத் தாழ்வாக வைக்க முடிகிறது. மக்களில் சுமார் 45 சதவீதம் பேர் அரசு ஆதரவில் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் அது 80 சதவீதத்துக்குப் பக்கம்; சம்பளத்தில் ஒரு பங்கைச் சேமிப்பு நிதியில் கட்டாயமாகப் போட வேண்டும். இந்த மாதிரியை நகல் எடுக்க விரும்புகிறவர் முதலில் நிலம் முழுவதையும் அரசுடைமை ஆக்க வேண்டியிருக்கும். எந்த லிபர்டேரியனும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

நகர நிர்வாகத்தை ஒப்பந்தத்துக்கு விடுவது இன்னொரு கிளை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சாண்டி ஸ்பிரிங்ஸ் நகரம் 2005-இல் உருவானபோது, போலீஸும் தீயணைப்பும் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே தனியார் நிறுவனத்திடம் விட்டது. பிறகு பல நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2019-இல் பெரும்பாலான வேலைகளைத் தன் சொந்த ஊழியர்களிடம் திரும்ப எடுத்துக்கொண்டது; ஐந்து ஆண்டில் சுமார் 14 மில்லியன் டாலர் மிச்சமாகும் என்பது நகராட்சியின் கணக்கு. ஒப்பந்த முறையில் லாபம் வருவது ஒவ்வொரு முறையும் நாலு பேர் போட்டிக்கு வந்தால்தான்.

இருக்கும் அரசோடு மல்லுக்கட்டாமல் புதிய நாடே தொடங்கலாம் என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1972-இல் பசிபிக்கின் மினர்வா பவளத்திட்டில் மணல் கொட்டிக் குடியரசு அறிவித்தார்கள். சில மாதங்களில் டோங்கா ராஜா வந்து கொடியேற்றிவிட்டுப் போனார். ஹோண்டுராஸின் ரோவத்தான் தீவில் உள்ள ப்ரோஸ்பெரா தனிச்சட்டத்தின் கீழ் வந்த சிறப்பு மண்டலம். அந்தச் சட்டத்தை 2022-இல் நாடாளுமன்றம் ரத்து செய்தது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றது. மண்டலத்தின் முதலீட்டாளர்கள் 10 பில்லியன் டாலருக்கு மேல் ஈடு கேட்டுப் போனது, அரசுகள் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய சர்வதேச நடுவர் மன்றத்துக்கு.

பயன்படுத்துவோரே வகுக்கும் விதி

ஸ்பெயினின் வலென்சியாவில் வியாழக்கிழமை தோறும் நண்பகலில், கதீட்ரல் வாசலில், எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்து தண்ணீர் வழக்கு விசாரிக்கிறார்கள். வக்கீல் கிடையாது, வாய்மொழி விசாரணை, அங்கேயே தீர்ப்பு. சுவிட்சர்லாந்தின் டொர்பெல் கிராமத்தில் 1517-ஆம் ஆண்டு விதி இன்னும் கச்சிதம்: பனிக்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீவனம் போட முடியுமோ அத்தனை மாட்டை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். எண்ணுவது சுலபம், பனிக்காலத்தில் மாடு தொழுவத்தில்தானே நிற்கும். மீறுபவருக்கு அபராதம் போடும் அலுவலர் அதில் பாதியைத் தானே வைத்துக்கொள்ளலாம், எனவே அவர் கண்ணயர மாட்டார்.

எலினார் ஆஸ்ட்ரம் இத்தகைய ஏற்பாடுகளை ஆராய்ந்து, 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார். எல்லை தெளிவாக இருக்க வேண்டும், தண்டனை படிப்படியாக ஏற வேண்டும், கண்காணிப்பவர் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும் என்பவை அவர் கண்ட பொது அம்சங்களில் சில. மேலே உள்ள அரசு இவர்களுடைய உரிமையைக் குலைக்காமல் இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. வலென்சியா தீர்ப்புகளை ஸ்பெயினின் சட்டம் அங்கீகரிக்கிறது. இங்கேயும் விலை உண்டு. டொர்பெலில் வெளியாள் நிலம் வாங்கினால் மேய்ச்சல் உரிமை சேர்ந்து வராது. இது தன்னாட்சி, ஆனால் கதவு சாத்திய தன்னாட்சி.

எந்த வரிசையில் கை வைப்பது

ஒரு சேவையை அரசிடமிருந்து எடுக்க நினைக்கிறவர்கள் விலைக் கட்டுப்பாடு, இறக்குமதித் தடை, கெடுதல் உடனே கண்ணில் படும் தொழில்களுக்கான லைசென்ஸ் ஆகியவற்றில் தொடங்கலாம். முடி மோசமாக வெட்டினால் அன்றே தெரியும், அடுத்த முறை வேறு கடை. கெடுதல் பத்து ஆண்டு கழித்துத் தெரியும் கட்டடம், மருந்து, அணை போன்றவற்றில், முன்பணம் கட்டிய காப்பீடு நடைமுறைக்கு வந்து ஒரு சுற்று உரிமைகோரலாவது கட்டி முடித்த பிறகே மேற்பார்வையைக் குறைக்க வேண்டும். வரிசை மாறினால் நியூசிலாந்துதான். கிணறு, மேய்ச்சல், மீன்பிடி போன்றவற்றை விற்பதற்கு முன் பயன்படுத்துவோர் கூட்டத்திடம் கொடுத்துப் பார்க்கலாம். கடைசி மேல்முறையீட்டை மட்டும் போட்டிக்கு விடக் கூடாது. நாங்கள் பார்த்தவரை, தனியார் நீதி நிலைத்த நவீன இடங்களில் எல்லாம் பின்னால் ஒரு பொது நீதிமன்றம் நிற்கிறது.

முடிவை எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததே. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கிராய்டன் என்ற சிற்றூரில், ஊர்க் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆதரவு 20, எதிர்ப்பு 14 என்ற வாக்கில் பள்ளி நிதியை 17 லட்சம் டாலரிலிருந்து 8 லட்சமாக வெட்டினார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் படித்தார்கள். அந்தக் கட்டணத்தைக் கட்டியது ஊர், அதைத் தீர்மானித்தது அந்தப் பள்ளிகள். மிச்சத்தைப் பெற்றோர் கையிலிருந்து போட வேண்டிய நிலை. முடிவை மாற்ற, பதிவான வாக்காளர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேரில் பாதிக்கு மேல் நேரில் வர வேண்டும் என்பது விதி. மாற்றுவதை எதிர்த்தவர்கள், வீட்டில் இருந்துவிடுங்கள் என்று மற்றவர்களிடம் பிரசாரம் செய்தார்கள். மே மாதம் 379 பேர் வந்தார்கள். பழைய நிதியைத் திரும்பக் கொண்டுவர 377 வாக்கு, எதிராக 2.